பேட்டை கேட்

பதிவுப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
உள்நாடு, வெளிநாடு.
இரண்டாவதில் டிக் அடித்தேன்.
கட்டணம் மூன்று மடங்கு.
பனியன் எல்லாருக்கும் ஒரே தொளதொளப்பு.

வேர் தேடி வரவில்லை.
பூட்டன் எந்தத் துறையில் கப்பலேறினான் என்று
வீட்டில் யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை.
பாதை மட்டம் என்று போட்டிருந்தார்கள்.
ஜனவரியில் வெயில் பிந்தி வரும் என்று போட்டிருந்தார்கள்.
பல் கிளினிக்கில் எனக்கு ஆறு நாள் விடுப்பு மிச்சம்.
பினாங்குப் பாலத்தில் இரண்டு மணி, நான்கு நிமிடம், முப்பத்தேழு விநாடி.
அந்த இரண்டை ஒன்றாக்க வேண்டும்,
அவ்வளவுதான் என் யாத்திரை.

பாளையங்கோட்டை மைதானம், விடியாத ஐந்தரை.
"மலேசியாவிலிருந்து தவமலர் அவர்கள்"
என்றது ஒலிபெருக்கி.
முந்நூறு பேர் திரும்பினார்கள்,
என்னைத் தாண்டி
வேறு யாரையோ தேடினார்கள்.

கொக்கிரகுளம் இறக்கத்தில் கால் தானாகப் போயிற்று.
பாலத்தில் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஆற்றைப் பார்க்கவில்லை.
டவுனில் ஒரு நாய் அரைக் கிலோமீட்டர் கூடவே வந்தது,
என்னைவிட நல்ல கால்வீச்சு,
எண் மட்டும் இல்லை.

சுத்தமல்லி விலக்கில் திருப்பம்:
ஒரு பிளாஸ்டிக் கூம்பு, கொட்டாவி விடும் ஒரு போலீஸ்காரர்,
வாளித் தண்ணீரில் மிதக்கும் எவர்சில்வர் டம்ளர்.
மணிக்கட்டில் ஐம்பத்தொன்பது நிமிடம், நான்கு விநாடி.
நடக்கும் என்றது கணக்கு.

பிறகு பேட்டை.
கேட் இறங்கிக்கொண்டிருந்தது.
எனக்கு முன்னால் ஓடிய பச்சைச் சட்டைக்காரன்
குனிந்து நுழையப் பார்த்தான்.
கேட் கீப்பர் அம்மாள் சிவப்புக் கொடியை
அவன் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டினாள்:
"ஏலே, எங்க போற?
சாவுததுக்குலாம் மெடல் குடுக்க மாட்டாவ."

பால்கேன் கட்டிய பைக்குகளுக்கு நடுவே
ஆவி பறக்கும் பதினொரு உடம்புகள்,
சூடு ஆறிவிடாமல் நின்ற இடத்தில் குதித்தபடி.

பால்காரர் கேட்டார், "எந்தூரும்மா ஒங்களுக்கு?"
"ஈப்போ."
"இப்ப இல்ல, பொறந்த ஊரு?"
"பிறந்ததும் ஈப்போதான்."
"இப்பத்தான் பொறந்தியளா?"

பச்சைச் சட்டைக்காரன் தண்டவாளத்தைப் பார்த்துச் சிரித்தான்.
எனக்கும் வயிறு பிடித்துக்கொண்டது,
பதினெட்டாவது கிலோமீட்டரில் பிடிக்கும் அதே இடத்தில்.

வாட்சில் ஒரு பொத்தான் உண்டு,
அழுத்தினால் நேரம் நிற்கும்.
என்னைச் சுற்றி எல்லாரும் அழுத்தினார்கள்,
பீப், பீப், பீப்.
என் கட்டைவிரலும் அதன் மேல்தான் இருந்தது.
ஏன் அழுத்தவில்லை என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

செங்கோட்டைப் பாசஞ்சர் அவசரமே இல்லாமல் வந்தது.
ஜன்னலில் ஒரு பையன், வாயில் பிரஷ்ஷோடு
எங்கள் நெஞ்சிலிருந்த எண்களை உரக்கப் படித்தான்:
"எழுவது! நூத்தி நாப்பத்தொண்ணு!"
நூத்தி நாப்பத்தொண்ணு நான்.
கை தூக்கினேன், வகுப்பில் வருகை சொல்வதுபோல.

மூன்று நிமிடம், பத்து விநாடி.

பிறகு ஓடினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.
வண்ணாரப்பேட்டை மேம்பாலம் ஏறும்போது
மட்டம் என்று எழுதியவனை
மலாயில் ஒன்று, தமிழில் இரண்டு திட்டினேன்.

இரண்டு மணி, ஒரு நிமிடம், நாற்பது விநாடி.

"ரயிலக் கழிச்சிருங்க அக்கா, யாரு கேக்கப் போறா?"
பச்சைச் சட்டைக்காரன் தன் வாட்சைக் காட்டினான்.
அதில் ரயிலே வரவில்லை,
பேட்டையில் யாரும் யாரோடும் பேசவில்லை.

கழிக்கவில்லை.
பினாங்கைவிட மூன்று நிமிடம் குறைவு,
அதிலும் மூன்று விநாடி கொசுறு போதாது.
இரண்டு இன்னும் இரண்டாகவே இருக்கிறது.

பந்தலில் சான்றிதழ் வாங்கினேன், மை காயவில்லை.
பெயர் சரி. நேரம் சரி.
ஊர் என்ற இடத்தில்
'இப்போ' என்று அச்சாகியிருந்தது.
திருத்தித் தரட்டுமா என்றாள் மேசைக்குப் பின்னாலிருந்த பெண்.
பின்னால் வரிசை நீளமாக இருந்தது.